கீழே தண்ணீர்தான் இருந்தது

மாலத்தீவின் மாலேயில் சீப்ளேன் (தண்ணீரில் இறங்குகிற மிதவை விமானம்) ஏறக் காத்திருந்தபோது பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா கேட்டார்: "ஏன் தம்பி, மேல போகையில இன்ஜின் நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவாங்க?"

மதுரைப் பக்கத்துக்காரர். மகள் அங்கே ஒரு தீவு ஓட்டலில் வேலை பார்க்கிறாள், அவளைப் பார்க்கப் போகிறார். மடியில் இருந்த முறுக்கு டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன், "ஒண்ணும் ஆகாதுக்கா, கீழே முழுக்கத் தண்ணிதானே. அப்படியே இறக்கிருவாங்க." அவர் முகம் தெளிந்துவிட்டது.

எனக்குத்தான் மனசு உறுத்த ஆரம்பித்தது. அந்த விமானம் ட்வின் ஆட்டர், அதில் இன்ஜின் இரண்டு. ஒன்று நின்றாலும் இன்னொன்று இருக்கிறது. அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுத் தண்ணீரைச் சொன்னேன். தண்ணீர் கீழே இருந்தும் பிழைக்காத இரண்டு பேரைப் பற்றிப் பல வருஷமாகப் படித்துக்கொண்டிருப்பவன் நான். அந்தப் பதிலை நான் சொல்லியிருக்கக் கூடாது.

அவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

1935 ஆகஸ்ட் 15. அலாஸ்காவின் வடகோடியில் பாரோ (இப்போது உட்கியாக்விக்) என்ற ஊருக்கு சுமார் 15 மைல் தெற்கே, வாலக்பா என்ற இடத்தில் கடலை ஒட்டி ஆழமில்லாத ஒரு காயல். கரையில் அலாஸ்காவின் பூர்வகுடியான இனுபியாட் குடும்பம் ஒன்று கூடாரம் போட்டு சீல் வேட்டையில் இருந்தது. எங்கும் மூடுபனி. மாலையில் பனிக்குள்ளிருந்து இன்ஜின் சத்தம் கேட்டது. ஒரு விமானம் வட்டமடித்து, பனி விலகிய இடைவெளியில் காயலில் இறங்கி, கரைக்கு மெதுவாக வந்தது. உள்ளிருந்து இரண்டு பேர் வெளியே வந்து, பாரோவுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டார்கள். வேட்டைக்காரர் கிளேர் ஒக்பியாஹா திசையைக் காட்டினார். கொஞ்ச நேரம் பேசினார்கள். அப்புறம் ஏறிக்கொண்டு கிளம்பினார்கள்.

விமானம் தண்ணீரை விட்டு எழும்பியது. ஐம்பதிலிருந்து இருநூறு அடிக்குள்தான் இருக்கும். வலப்பக்கம் சாய்ந்து திரும்பும்போது இன்ஜின் திணறியது, நின்றது. மூக்கு கீழே கவிழ, நேராகக் காயலில் குத்தி, வலது இறக்கை பிய்ந்து, தலைகீழாகப் புரண்டது. ஒக்பியாஹா கரையிலிருந்து குரல் கொடுத்துப் பார்த்தார். பதில் வரவில்லை.

ஓட்டியவர் வைலி போஸ்ட், வயது 36. அன்றைக்கு உலகத்திலேயே பேர்பெற்ற விமானிகளில் ஒருவர். டெக்சஸில் பிறந்து ஓக்லஹோமாவில் வளர்ந்தவர். எண்ணெய் வயலில் வேலை பார்த்தபோது 1926இல் இரும்புச் சில் தெறித்து இடது கண் போயிற்று. அந்த நஷ்டஈட்டுப் பணத்தில்தான் தன் முதல் விமானத்தை வாங்கினார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் சரியாகப் பிடிபடாது. அதனால் மரத்தையும் மேட்டையும் பார்த்து எவ்வளவு தூரம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, நடந்து போய் அளந்து சரிபார்த்து, கண்ணைப் பழக்கிக்கொண்டார். 1931இல் ஹரல்ட் கேட்டி என்ற வழிகாட்டியோடு உலகத்தைச் சுற்றினார், 8 நாள் 15 மணி 51 நிமிஷம். 1933இல் தனியாளாகச் சுற்றினார், 7 நாள் 18 மணி 49 நிமிஷம். தனியாக உலகத்தைச் சுற்றிப் பறந்த முதல் மனிதர் அவர்தான். இரண்டு தடவையும் ஒரே விமானம்: 'வின்னி மே' என்று பேர் வைத்த லாக்ஹீட் வேகா.

கூட வந்தவர் வில் ராஜர்ஸ், வயது 55. செரோக்கி பழங்குடி ரத்தம். கயிறு சுழற்றி வித்தை காட்டி மேடையேறியவர், அப்புறம் ஹாலிவுட் நடிகர், பத்திரிகைப் பத்தி எழுத்தாளர். நூற்றுக்கணக்கான நாளிதழ்களில் தினமும் அவர் எழுதிய நாலு வரி வரும். பொருளாதாரம் படுத்துக் கிடந்த அந்த வருஷங்களில் அமெரிக்காவின் சாதாரண ஜனங்கள் தங்கள் வீட்டு ஆள் மாதிரி நினைத்த ஒருவர். விமானப் பயணம் என்றால் உயிர். போகிற இடத்திலெல்லாம் டைப்ரைட்டரை எடுத்துப் போய் எழுதி அனுப்புவார். பாரோவில் சார்லஸ் பிரவர் என்ற முதிய திமிங்கில வேட்டைக்கார வணிகர் இருந்தார். அவரைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது ராஜர்ஸின் ஆசை. போஸ்டுக்கு, அலாஸ்கா வழியாக சைபீரியாவுக்குத் தபால், பயணி விமானங்களை விட முடியுமா என்று வழி பார்க்கிற திட்டம்.

சரி, இப்படிப்பட்ட கை, அடியில் மிதவை, கீழே காயல். இன்ஜின் நின்றதும் ஏன் இறங்க முடியவில்லை?

முதலில் இன்ஜின் ஏன் நின்றது என்பதைப் பார்த்துவிடலாம். எனக்கு அது வீட்டு விஷயம் மாதிரி. அப்பா திண்டுக்கல்லில் டூவீலர் மெக்கானிக். மழைக்காலம் வந்தால் "அண்ணே, வண்டி மிஸ்ஸிங் அடிக்குது" என்று வரிசையாகத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அப்பா கார்புரேட்டரின் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற பாகம்) அடியில் இருக்கிற சின்னக் கிண்ணத்தைக் கழற்றி, அதிலிருக்கும் பெட்ரோலைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். "பாருடா" என்பார். பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் தனியாக, கோலிக்குண்டு மாதிரி உருண்டு உருண்டு நிற்கும். டம்ளரைச் சாய்த்தால் அது ஓடும், பெட்ரோலோடு கலக்காது. மிளகு அளவு தண்ணீர்தான். பெட்ரோல் போகிற நுண்ணிய ஓட்டைக்கு அது வந்து நின்றால் போதும், ஓடுகிற வண்டி நின்றுவிடும். வண்டி நின்றால் ஓரங்கட்டி ஒரு டீ குடிக்கலாம்.

போஸ்டின் விமானத்தில் இருந்தது ப்ராட் அண்ட் விட்னி வாஸ்ப் என்ற இன்ஜின். ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும், காற்றால் குளிரும், 550 குதிரைச்சக்தி. அந்தக் காலத்து இன்ஜின்களிலேயே நம்பகமானது. ஆனால் அதற்கும் எரிபொருள் போவது கார்புரேட்டர் வழியாகத்தான். கார்புரேட்டரின் தொண்டையில் காற்று வேகமாகப் போகும், பெட்ரோல் ஆவியாகும். ஆவியாகிற எதுவும் சுற்றியிருக்கிற சூட்டை இழுத்துக்கொள்ளும். மண்பானையில் தண்ணீர் குளிர்வது அப்படித்தான். அந்தத் தொண்டைக்குள் வெப்பம் 20 டிகிரிக்கும் மேல் இறங்கிவிடும். காற்றில் ஈரம் இருந்தால் அங்கே பனிக்கட்டி கட்டும். வெளியே வெயில் அடித்தாலும் கட்டும். மூடுபனிக்குள் கேட்கவே வேண்டாம். பனி கட்டக் கட்டக் காற்றுப் போகிற வழி சுருங்கி இன்ஜின் மூச்சுத் திணறும். விசாரித்தவர்கள் முதலில் சந்தேகப்பட்டது இதைத்தான்: கார்புரேட்டரில் பனியோ, குளிரில் சேர்ந்த நீரோ. ஒரு டாங்கில் பெட்ரோல் தீர்ந்து, அடுத்த டாங்குக்கு மாற்றுவதற்குள் நின்றிருக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. பைக்கில் ரிசர்வுக்குத் திருப்புகிற அதே கதைதான். ரோட்டில் அதற்கு மூன்று விநாடி போதும். நூறு அடி உயரத்தில் அந்த மூன்று விநாடி கிடையாது.

எதுவாக இருந்தாலும் சரி. ஒற்றை இன்ஜின் விமானத்தில் இன்ஜின் நிற்பது என்றைக்கும் நடக்கக்கூடியது, போஸ்டுக்கும் அது புதுசு இல்லை. இந்த இடத்தில் ஆறு மாதம் பின்னால் போக வேண்டும்.

1935 பிப்ரவரி 22. கலிஃபோர்னியாவின் பர்பேங்கிலிருந்து 'வின்னி மே'யில் கிளம்பினார். வானத்தின் மேலடுக்கில் பறந்து, ஒரே மூச்சில் கிழக்குக் கரைக்குப் போகிற முயற்சி. அவ்வளவு உயரத்தில் மூச்சு விட முடியாது என்பதால் குட்ரிச் கம்பெனியின் ரஸ்ஸல் காலியோடு சேர்ந்து ரப்பரில் ஓர் அழுத்த உடை செய்திருந்தார். தலையில் உலோகக் குடம் மாதிரி ஒரு கவசம், அதில் பார்ப்பதற்கு வட்டக் கண்ணாடி. இன்றைய விண்வெளி உடைக்கெல்லாம் முன்னோடி அது. காற்றுத் தடையைக் குறைக்கச் சக்கரங்களைக் கிளம்பியதும் கழற்றிப் போட்டுவிடுவார். இறங்கும்போது வயிற்றில் பொருத்திய ஒரு சறுக்குக் கட்டைதான். அன்றைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போது இன்ஜின் போயிற்று. யாரோ அதற்குள் உலோகத்தைத் தேய்க்கிற எமரிப் பொடியைக் கொட்டியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. சக்கரம் இல்லை, இன்ஜின் இல்லை, நெடும்பயணத்துக்கு நிரப்பிய பெட்ரோல், ஒற்றைக் கண், அதுவும் கண்ணாடி வழியாக. அந்த நிலைமையில் விமானத்தை மிதக்கவிட்டுக்கொண்டே வந்து மியூராக் என்ற வறண்ட ஏரிப்படுகையில் ஒரு சேதமும் இல்லாமல் இறக்கினார். தலைக்கவசத்தைத் தானே கழற்ற முடியாது. வண்டி நின்றுபோய்ப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒருவரிடம் உதவி கேட்க அந்தக் கோலத்திலேயே நடந்து போனார். அந்த மனிதருக்கு உயிரே போய்விட்டது போலப் பயம். (அந்த ஏரிப்படுகையில்தான் இப்போது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் இருக்கிறது.)

இதை நான் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஆகஸ்ட் 15க்கு மனசு தானாகப் போய்விடுகிறது. பிப்ரவரியில் இன்ஜின் நின்றபோது எதுவுமே அவருக்குச் சாதகமாக இல்லை, பிழைத்தார். ஆகஸ்டில் அடியில் மிதவையும் கீழே காயலும் இருந்தன, போய்விட்டார். உயரம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கான அடி மேலே இருந்தால் யோசிக்க நேரம் இருக்கும். ஆனால் உயரத்தைவிடப் பெரிய வித்தியாசம் விமானத்திலேயே இருந்தது. 'வின்னி மே' இன்ஜின் நின்றாலும் பறக்கத் தெரிந்த விமானம். அலாஸ்காவுக்கு அவர் எடுத்துப்போனது அப்படிப்பட்டது இல்லை.

அது இரண்டு விமானங்களை ஒட்டிச் செய்தது. உடல் லாக்ஹீட் ஓரியன். விமானக் கம்பெனி ஒன்று ஓட்டிப் பழசானது. ஓரியனின் சக்கரங்கள் உள்ளே மடங்குகிற வகை, அந்த இறக்கையில் மிதவை பொருத்துவது சிரமம். அதனால் அதன் இறக்கையை எடுத்துவிட்டு, விபத்தில் சிக்கிய லாக்ஹீட் எக்ஸ்ப்ளோரர் ஒன்றின் இறக்கையை வாங்கி மாட்டினார். அது ஆறு அடி நீளம் கூடுதல். முன்னால் கனமான பெரிய இன்ஜின், மூன்று இதழ் ப்ரொப்பல்லர். இந்தக் கலவை வேண்டாம் என்று லாக்ஹீட் பொறியாளர்களே கை கழுவிவிட்டார்கள். வேலையைப் பர்பேங்கில் வேறொரு பட்டறையில் முடித்தார்கள்.

கடைசியாக மிதவை. சியாட்டிலுக்குப் பக்கத்தில் ரென்டனில் அதைப் பொருத்துவதாக ஏற்பாடு. கேட்டிருந்த மிதவைகள் வந்து சேரவில்லை. ராஜர்ஸ் வந்துவிட்டார், வடக்கே கோடைக்காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே கிடைத்தது இன்னும் பெரிய விமானத்துக்கான மிதவைகள். நீளமும் அதிகம், கனமும் அதிகம். அவற்றையே மாட்டிக்கொண்டார்கள்.

இதில் ஒவ்வொரு முடிவையும் தனித்தனியாகப் பார்த்தால் எனக்குப் புரிகிறது. மிதவை வேண்டும் என்பது சரி. அன்றைய அலாஸ்காவில் விமான நிலையங்கள் குறைவு, பல இடங்களில் ஆறும் ஏரியும்தான் ஓடுதளம். அதற்கேற்ற இறக்கை வேண்டும் என்பதும் சரி. தூரம் போக வேண்டும், பெரிய இன்ஜின் வேண்டும், அதுவும் சரி. கேட்டது வராதபோது கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுவது பட்டறையில் பிறந்து வளர்ந்த எனக்கு ரொம்பத் தெரிந்த சங்கதி. அப்பா பஜாஜ் வண்டிக்கு வேறு கம்பெனி கேபிளை வெட்டிப் போட்டு அனுப்பியிருக்கிறார், ஓடியிருக்கிறது. ஆனால் இங்கே எல்லாச் சேர்க்கையும் ஒரே பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. எல்லாக் கனமும் மூக்குப் பக்கம்.

மூக்கு கனத்த விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குக் காவடியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டின் முன்பக்கக் குடத்தில் தண்ணீர் கூடிப்போனால் என்ன செய்வோம்? தண்டின் பின்பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நடப்போம். நடக்கலாம், ஆனால் கையை எடுக்க முடியாது. எடுத்த அடுத்த நொடி முன்குடம் தரையில். விமானத்தில் அந்தக் கை, வால். வாலில் இருக்கிற மடிப்பு காற்றை அழுத்தி மூக்கைத் தூக்கி வைக்கிறது. அதற்குக் காற்று வேண்டும். மெதுவாகப் பறக்கும்போது அந்தக் காற்றில் பெரும்பங்கு முன்னால் சுழலும் ப்ரொப்பல்லர் பின்னோக்கித் தள்ளுகிற காற்றுதான். இன்ஜின் நின்றது என்றால் அந்தக் காற்று நின்றது. வாலுக்குப் பிடி போயிற்று. முன்குடம் கீழே போகிறது.

போஸ்டுக்கு இது தெரியாமல் இல்லை. கிளம்பும்போதெல்லாம் ராஜர்ஸைப் பின்னால் தள்ளி உட்காரச் சொல்வார், சாமான்களையும் வால்பக்கம் அடுக்குவார்கள். இன்ஜின் முழு விசையில் ஓடுகிற வரைக்கும் அவரால் சமாளிக்க முடிந்தது. அவர் கை அப்படிப்பட்டது. வேறொருவர் என்றால் ரென்டனிலிருந்தே எழும்பியிருக்க மாட்டார் என்றுகூட எனக்குத் தோன்றும். திறமை இருக்கிறவர்களுக்கு வருகிற ஆபத்து இது. விமானத்தின் குறையை அவர் தன் கையால் நிரப்பிக்கொண்டே வந்தார், ஆகவே அது குறையாகவே தெரியவில்லை.

அரசு விசாரணையின் முடிவும் இதுதான்: திடீரென இன்ஜின் நின்றதும், தாழ்வான உயரத்தில், மூக்குக் கனம் மிக அதிகமாக இருந்ததால் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. இன்ஜின் அந்த வாக்கியத்தில் தொடக்கம் மட்டும்தான்.

அந்தக் கடைசி நாளும் மனசைப் பிசைகிறது. ஃபேர்பேங்க்ஸில் சீனா ஆற்றில் இருந்தார்கள் (நாடு இல்லை, அந்த ஊர் ஆற்றின் பேர்). முழு டாங்கோடு அந்த ஆற்றிலிருந்து எழும்ப இடம் போதாது. அதனால் குறைந்த பெட்ரோலோடு கிளம்பி, பக்கத்தில் இருந்த ஹார்டிங் ஏரிக்குப் போய், அங்கே நிரப்பிக்கொண்டு வடக்கே போனார்கள். பாரோவில் சார்ஜன்ட் ஸ்டான்லி மார்கன் என்ற ராணுவத் தந்தி அதிகாரிதான் வானிலையும் பார்த்துச் சொல்கிறவர். அங்கே மூடுபனி, எதுவும் தெரியவில்லை. அவர்கள் காத்திருக்கவில்லை. பனிக்குள் வழி தேடி, கடற்கரையைப் பிடித்துக்கொண்டு வந்து, ஒரு காயலைப் பார்த்து இறங்கினார்கள். அந்த இறக்கம் நல்லபடியாக நடந்தது என்பதை நான் திரும்பத் திரும்ப நினைப்பேன். மிதவை இருந்ததால்தான் அங்கே இறங்கி வழி கேட்க முடிந்தது. பாரோ இன்னும் பதினைந்து மைல். பத்து நிமிஷத்துக்கும் குறைவான பறப்பு.

கிளம்பின உடனே இன்ஜின் நின்றால் திரும்பாதே, மூக்கைத் தாழ்த்தி நேர் எதிரே இறங்கு என்பது விமானம் ஓட்டப் பழகுகிற எல்லோருக்கும் முதலில் சொல்லித்தருகிற பாடம். மூக்கைத் தாழ்த்துவது வேகத்தைக் காப்பாற்ற. வேகம் இருந்தால் கடைசியில் மெல்லத் தூக்கித் தண்ணீரில் வைக்கலாம். போஸ்ட் அப்போது திருப்பத்தில் இருந்தார். திரும்பும்போது விமானம் தன் கனத்தைவிடக் கூடுதலாகத் தாங்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் இன்ஜின் போய், மூக்கு தானாகக் கவிழ, மறுபடி தூக்குவதற்கு வாலில் காற்று இல்லை. கீழே இருந்தது ஓரிரு அடி ஆழத் தண்ணீர். செங்குத்தாக விழுகிறவருக்கு அது தரைதான்.

மாலேயில் அந்த அக்காவுக்கு நான் சரியாகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன். யாருக்காவது பயன்படும். தண்ணீரில் இறங்குவதில் இருக்கிற பெரிய ஆபத்து, மிதவை விமானம் தலைகீழாகப் புரள்வது. கனமெல்லாம் மேலே, மிதவை கீழே. மூக்கு தண்ணீரில் குத்தினால் சட்டென்று கவிழ்ந்துவிடும். விழுந்த அடியில் பிழைத்துவிட்டு, கதவு எங்கே என்று தெரியாமல் உள்ளேயே மூழ்கிப் போனவர்கள் நிறைய. 2009 நவம்பரில் கனடாவின் சட்டர்னா தீவுப் பக்கம் ஒரு பீவர் மிதவை விமானம் விழுந்தது, அதில் ஆறு பேர் இப்படித்தான் மூழ்கி இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் இன்ஜின் இல்லை, ஆனால் கதவு இறுகிக்கொண்டதுதான் உயிரை வாங்கியது. அதற்குப் பிறகுதான், உள்ளிருந்து தள்ளினால் கழன்று விழுகிற ஜன்னல் வேண்டும் என்று கனடாவின் விசாரணை வாரியம் வற்புறுத்தியது. ஆகவே, ஏறி உட்கார்ந்ததும் கதவுப் பிடி நம் கைக்கு எந்தப் பக்கம் என்று தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கை நீட்டிப் பாருங்கள், தலைகீழாகத் தண்ணீருக்குள் கண் உதவாது. உயிர்காப்பு மேலங்கியை உள்ளே இருக்கும்போது ஊதவே ஊதாதீர்கள். ஊதினால் அது உங்களை விமானத்தின் மேல்பக்கமாகத் தூக்கி ஒட்டவைத்துவிடும், கதவுக்குக் கீழே குனிய முடியாது. வெளியே வந்த பிறகுதான் ஊத வேண்டும். விமானம் கிளம்பும் முன் அந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். பயப்படுவார் என்று நினைத்தேன். முறுக்கு டப்பாவைக் காலடியில் வைத்துவிட்டு, கதவுப் பிடியைக் காட்டச் சொல்லி, கையை நீட்டி இரண்டு முறை பழகிப் பார்த்துக்கொண்டார்.

வாலக்பாவில் கதவு கைக்கு எட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. இருவரும் அந்த அடியிலேயே போய்விட்டார்கள்.

ஒக்பியாஹா பாரோவுக்கு ஓடினார். பதினைந்து மைல். டுண்ட்ரா நிலத்தில் ஓடுவது ரோட்டில் ஓடுவது மாதிரி இல்லை. கோடையில் மேல்மண் இளகி, புல்மேடும் சகதியும் குட்டையுமாகக் கிடக்கும், ஒவ்வொரு அடியும் புதையும். சில மணி நேரம் ஓடி, மார்கனிடம் போய்ச் சேர்ந்தார். விமானம் வெடித்து விழுந்ததாகச் சொன்னார். யார் என்று கேட்டதற்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. ஒருவர் பெரிய ஆள், பூட்ஸ் போட்டிருந்தார். இன்னொருவர் கண்ணில் துணி கட்டியிருந்தார்.

கண்ணில் துணி என்றதும் மார்கனுக்குப் புரிந்துவிட்டது.

படகை எடுத்துக்கொண்டு இனுபியாட் ஆட்களோடு மார்கன் கிளம்பினார். பனியும் மிதக்கும் ஐஸும் நடுவே. போய்ச் சேர்ந்தபோது கரையில் இருந்தவர்கள் ராஜர்ஸின் உடலை ஏற்கெனவே வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். போஸ்டின் உடல் இன்ஜினுக்கு அடியில் மாட்டியிருந்தது, விமானத்தைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சிதைவுகளுக்குள் தூங்கும் பைகள் கிடந்தன. இருவரையும் அவற்றில் சுற்றினார்கள். அடுத்து நடந்தவை தனிக் கதை: மார்கனின் தந்தி, ஊரெங்கும் நின்றுபோன வேலை, போஸ்டின் நண்பரான விமானி ஜோ க்ராஸன் பனிக்குள் பறந்து வந்து இரு உடல்களையும் ஃபேர்பேங்க்ஸுக்கு எடுத்துப்போனது.

அந்தப் படகு பாரோவுக்குத் திரும்பி வந்ததைப் பற்றி மார்கன் எழுதி வைத்திருக்கிறார். வழியில் படகில் இருந்த இனுபியாட் பையன் ஒருவன் தன் மொழியில் ஒரு வழிபாட்டுப் பாட்டைப் பாட ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கரை வந்து சேரும் வரை பாடிக்கொண்டே வந்தார்கள்.